ஸ்கீயிங் இல்லாத ஊர்ல பனி விளையாட்டு!

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சாச்சா? அரியர் கணக்கெல்லாம் ரிசல்ட் வர்றப்போ பார்த்துக்கலாம். இப்போ கேங்கா உட்கார்ந்து பேசுற ஒரே சப்ஜெக்ட், டூர் எங்கே போறதுங்கிறதுதான். யாராவது ஒருத்தர் மணாலின்னு ஆரம்பிப்பார். இன்னொருத்தர் குல்மார்க், ஆலின்னு எகிறுவார். கால்ல பலகையைக் கட்டிக்கிட்டு பனியில சர்ர்ர்ருன்னு சறுக்கணும்னு ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனா டிரெயின் டிக்கெட்டையும் வாடகை ஜெர்கினையும் கூட்டிப் பார்த்ததும் எல்லாரும் அமைதியாகிடுவாங்க. கடைசியில, "பேசாம கொடைக்கானலே போயிடலாம்டா" என்று ஒரு குரல் வரும். பாதிப்பேர் முகம் சுளிப்பாங்க. "அதான் ஸ்கூல் எக்ஸ்கர்ஷன்லயே பார்த்தாச்சே!"

பார்த்தது ஏப்ரல் மே கொடைக்கானல். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை இருக்கிற கொடைக்கானல் வேற. அந்த ஊரை உங்களில் பலபேர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஏன்னா அதைப் பார்க்க விடியற்காலை ஆறு மணிக்குப் போர்வையை விட்டு வெளியே வரணும்!

பேகன் சும்மாவா போர்வை கொடுத்தான்?

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறோம். கொடைக்கானல்ல ஸ்கீயிங் கிடையாது. வானத்துலேர்ந்து பஞ்சு மாதிரி பனி கொட்டாது. பூமத்திய ரேகையிலிருந்து பத்து டிகிரி வடக்கே இருக்கிற ஊர் இது. இந்த அட்சரேகைப் பக்கம் மலை உச்சியில வருஷம் முழுக்க பனி நிக்கணும்னா சுமார் 5,000 மீட்டர் உயரம் வேணும். ஆப்பிரிக்காவுல கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். அதனால அங்கே உச்சியில பனிப்பாறை இருக்கு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரிய அண்ணன் ஆனைமுடி 2,695 மீட்டர்தான். கொடைக்கானல் ஊர் சுமார் 2,100 மீட்டர். சறுக்கு விளையாட்டுக்கு வழியே இல்லை.

ஆனா குளிர் உண்டு. இந்தப் பழனி மலைப் பக்கத்தை ஆண்ட வள்ளல் யார் தெரியுமா? வையாவிக் கோப்பெரும் பேகன். மயில் குளிர்ல நடுங்குதுன்னு நினைச்சு தன் போர்வையை எடுத்துப் போர்த்தினாரே, அவரேதான். பிளஸ் டூ தமிழ்ல அஞ்சு மார்க்குக்காக நாம மனப்பாடம் பண்ணின அந்தக் கதைக்குப் பின்னாடி ஒரு நிஜமான குளிர் இருக்கு. தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குச் சொல்ற பொழுதே கூதிரும் முன்பனியும். முன்பனின்னா மார்கழி, தை. அதாவது மலையைப் பார்க்கச் சரியான சீசன் எதுன்னு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க சொல்லி வெச்சுட்டாங்க. மே மாசம்தான் சீசன்னு நாம கத்துக்கிட்டது, வெயிலுக்குப் பயந்து மலையேறின வெள்ளைக்காரங்ககிட்டேர்ந்து. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே வீடு கட்டினதே சமவெளியின் சூட்டுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக்கத்தான்.

ஆறு மணி ஷோ

சரி, என்ன பார்க்கப் போறோம்? உறைபனி. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ஞ்சு வானம் துடைச்சு வெச்ச மாதிரி ஆன பிறகு வர்ற ராத்திரிகள்தான் இதுக்குச் சரி. ஏரியை ஒட்டின கீழ்பூமி, ஜிம்கானா, பிரையன்ட் பூங்காவின் புல்தரை... இங்கெல்லாம் பொழுது விடியறப்போ போய் நில்லுங்க. பச்சைப் புல்லு மேல யாரோ ராத்திரி முழுக்க கல் உப்பைத் தூவிட்டுப் போன மாதிரி வெள்ளை வெளேர்னு கிடக்கும். நிறுத்தி வெச்ச பைக் சீட்டில், கார் கண்ணாடியில் எல்லாம் மெல்லிசா ஐஸ் தகடு. விரல் நகத்தால உங்க பேரையே எழுதலாம். (உங்க பேரைத்தானே எழுதுவீங்க?)

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஆளுயரத்துல தெர்மாமீட்டர் வெச்சா நாலு டிகிரி காட்டும். காலுக்குக் கீழே புல் நுனியோ பூஜ்ஜியத்துக்கும் கீழே போயிருக்கும். எப்படி? பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி தரை வானத்துக்குத் திருப்பி விடுது. மேகம் இருந்தா அது போர்வை மாதிரி அந்தச் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். மேகம் இல்லாத தை மாச ராத்திரியில அந்தப் போர்வை இல்லை. தரையும் புல்லும் சட்டுன்னு குளிர்ந்துடும். அவற்றைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனமாகி, சரிவுல தண்ணி மாதிரி வழிஞ்சு பள்ளத்துல தேங்கும். அதனாலதான் மேட்டுல இருக்கிற வீட்டை விட ஏரிக்கரைப் பள்ளத்துல குளிர் ஜாஸ்தி. ஃபிசிக்ஸ் கிளாஸ்ல தூங்கினவங்க இங்கே ஒரு நாள் காலையில நின்னா போதும், கதிர்வீச்சுன்னா என்னன்னு கால் விரல் வழியா புரிஞ்சிடும்.

ஷோ டைம் ரொம்பக் குறைச்சல். வெயில் புல்லைத் தொட்டதும் வெள்ளை எல்லாம் ஆவியா எழும்பி, எட்டு மணிக்கெல்லாம் படம் முடிஞ்சிடும். லேட்டா எழுந்திரிச்சவங்க பார்க்கிறது வெறும் ஈரப் புல்தான்.

கொடையின் விளையாட்டுகள்

பனி பார்த்துட்டு அப்படியே ஏரியைச் சுத்தி நடக்க ஆரம்பிங்க. நட்சத்திர வடிவ ஏரி, சுத்தி வந்தா சுமார் அஞ்சு கிலோமீட்டர். 1863-ல் மதுரை கலெக்டரா இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் சதுப்பு நிலத்துல கரை கட்டி உருவாக்கின ஏரி இது. 1890-ல் போட் கிளப் வந்தது. அந்தக் காலையில தண்ணிக்கு மேல ஆவி எழும்பி நிக்கும். காற்றை விட ஏரித் தண்ணி சூடா இருக்கிறதால நடக்கிற மாயம் அது.

பெடல் போட்டை விட்டுட்டு துடுப்புப் படகு எடுங்க. நாலு பேரும் ஒரே தாளத்துல துடுப்பு போடாட்டி படகு நின்ன இடத்துலயே வட்டம் போடும். நட்புக்கு அதை விடப் பெரிய டெஸ்ட் கிடையாது. வாடகை சைக்கிளும் கிடைக்கும். கையுறை இல்லாம ஹேண்டில்பாரைப் பிடிச்சா பத்தே நிமிஷத்துல விரல் மரத்துப் போயிடும், ஜாக்கிரதை.

அடுத்து கோக்கர்ஸ் வாக். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்புல போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை. காலையில முதுகுக்குப் பின்னாடி வெயிலும் முன்னாடி பள்ளத்தாக்குல மேகமும் அமைஞ்சா, உங்க நிழல் ராட்சச உருவமா மேகத்து மேல விழும். தலையைச் சுத்தி ஒரு குட்டி வானவில் வளையம் கூட இருக்கும். பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்டுக்கு அவர் தலையைச் சுத்தித்தான் வளையம் தெரியும், உங்களுக்கு உங்க தலையைச் சுத்தி. ஆளாளுக்கு ஒளிவட்டம் கொடுக்கிற ஊர் வேற எங்கே இருக்கு? ஆனா இது எல்லா நாளும் கிடைக்காது. அதிர்ஷ்டம் வேணும்.

உறைபனியைக் கொடுக்கிற அதே துடைச்ச வானம் இன்னொரு பெரிய வேலையும் பண்ணியிருக்கு. ஊருக்கு மேலே மலையில 1899-ல் நிறுவின சூரிய ஆய்வகம் இருக்கு. அங்கே 1909 ஜனவரியில ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ, அந்தப் புள்ளிகளின் நடுவிலிருந்து வெளிப்பக்கமா வாயு பாயுறதைக் கண்டுபிடிச்சார். உலகம் முழுக்க இன்னிக்கும் அதுக்குப் பேர் 'எவர்ஷெட் விளைவு'. கம்பளிக்குள்ள சுருண்டு படுக்க வேண்டிய தை மாசத்துல எழுந்து வேலை பார்த்ததுக்குக் கிடைச்ச பரிசு!

பனிதான் இங்கே தோட்டக்காரர்

இப்போ கொஞ்சம் சீரியஸ். ஊரைத் தாண்டி மேல் பழனி மலைப் பக்கம் போற பஸ்ஸில ஏறுங்க. பூம்பாறை வரும். குழந்தை வேலப்பர் கோயில், படிப்படியா வெட்டின வயல், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு. அதையும் தாண்டினா மன்னவனூர். மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் இங்கே இருக்கு. சுத்திலும் அலை அலையா புல்வெளி. மடிப்புகள்ல மட்டும் அடர் பச்சையா குட்டிக் குட்டிக் காடுகள். அந்தக் காட்டுக்குப் பேர் சோலை.

இதைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரு கேள்வி வரும். இவ்வளவு மழை பெய்யுது, மண்ணும் இருக்கு. அப்புறம் ஏன் மலை முழுக்க மரம் இல்லை? யாராவது வெட்டிட்டாங்களா?

பெரும்பாலான இடங்கள்ல யாரும் வெட்டலை. புல்வெளி இங்கே காலங்காலமா இருக்கு. நீலகிரியில சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், இந்த மாதிரிப் புல்வெளிகள் 20,000 வருஷத்துக்கும் முன்னாடியே இருந்ததுக்குத் தடயம் கண்டிருக்காங்க. காற்று, காட்டுத் தீ, மண்ணோட ஆழம்னு பல காரணங்கள் உண்டு. அதுல முக்கியமான ஒண்ணு, நீங்க காலையில பார்த்தீங்களே, அந்த உறைபனி! சோலை மரத்தோட விதை புல்வெளியில விழுந்து முளைச்சா, முதல் தை மாசத்துலயே இளந்தளிர் கருகிடும். சோலைக்குள்ளே மரக் கூரை போர்வையா நிக்கிறதால அங்கே பனி இறங்காது. கன்று பிழைச்சுக்கும். சோலைக்கும் புல்லுக்கும் நடுவுல கத்தியால வெட்டின மாதிரி ஒரு கோடு தெரியும் பாருங்க, அந்தக் கோட்டைக் காப்பாத்துறதுல பனிக்குப் பெரிய பங்கு உண்டு.

புல்வெளி சும்மா அழகுக்கு இல்லை. அது ஸ்பாஞ்ச். மழைத் தண்ணியை வாங்கி, மெதுவா ஓடைகளுக்கு விடுது. வடக்கே இறங்கினா பழனிக்கும் அமராவதிக்கும் போகுது. தெற்கே, கிழக்கே இறங்கினா வராக நதி, மஞ்சளாறு வழியா வைகைக்குப் போகுது. மதுரையில ஹாஸ்டல் குழாயைத் திறக்கிறவங்களும் பெரியகுளத்துல குடத்தைத் தூக்குறவங்களும் இந்தப் புல்லுக்குக் கடன்பட்டவங்கதான்.

பைன் காட்டுல போட்டோ எடுத்தீங்களா?

ஆனா வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இந்தப் புல்வெளி 'வீணாக் கிடக்கிற நிலம்'. விறகுக்கும் கட்டைக்கும் யூகலிப்டஸ், பைன், வாட்டில் எல்லாம் கொண்டு வந்து நட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் அது நிக்கலை, இன்னும் வேகமா நடந்தது. வாட்டில் பட்டை தோல் பதனிட, யூகலிப்டஸ் ரேயான் கூழுக்கு. நீங்க சினிமா டூயட் ஸ்டைல்ல போட்டோ எடுக்கிற பைன் காடு இருக்கே, அதுவும் ஒரு காலத்துல ஆள் வெச்சு நட்டதுதான். காது கொடுத்துக் கேளுங்க, பறவைச் சத்தமே ரொம்பக் குறைச்சலா இருக்கும்.

வாட்டில் இன்னும் மோசம். நட்ட இடத்துல நிக்காம விதை போட்டுப் பரவிக்கிட்டே இருக்கு. சோலைக் கன்றுக்கு எமனா இருந்த பனி, வெளிநாட்டிலிருந்து வந்த இந்த மரத்தைத் தடுக்கலை. 1973-க்கும் 2014-க்கும் இடையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், பழனி மலையின் புல்வெளியில ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காணாமப் போயிட்டதாச் சொல்றாங்க. நாற்பதே வருஷத்துல! உங்க அப்பா அம்மா ஹனிமூனுக்கு வந்தப்போ பார்த்த மலையும் நீங்க பார்க்கிற மலையும் ஒண்ணு இல்லை.

அப்போ எல்லா மரத்தையும் வெட்டிடலாமா? அங்கேதான் சிக்கல். பல இடங்கள்ல வாட்டில், பைன் மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தானா முளைச்சு வருது. காரணம் அதே போர்வை லாஜிக்தான். மேலே மரம் நிக்கிறதால பனி இறங்கலை, கன்று பிழைக்குது. அதை வெட்டினா சோலையும் போச்சு, வெட்டாட்டி புல்வெளி திரும்ப வராது. எங்கே வெட்டணும், எங்கே விடணும்னு வனத்துறையும் ஆய்வாளர்களும் இடத்துக்கு இடம் யோசிக்க வேண்டியிருக்கு. 1985-ல் தொடங்கின பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், சோலை மரங்களுக்கு நாற்றங்கால் வளர்த்த வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையும் இதுல வருஷக்கணக்கா உழைச்சிருக்காங்க. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. பாட்டனி, ஜுவாலஜி, ஜியாகிரஃபி படிக்கிற நண்பர்களே, பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையுறீங்களே, இங்கே ஒரு மலையே காத்துக்கிட்டிருக்கு!

சாகசம் ஓகே... சவால் வேண்டாம்

நடக்க ஆசைப்படறவங்களுக்கு வட்டக்கானல் பக்கம் டால்பின் நோஸ் வரைக்கும் இறங்கி ஏறுற பாதை செம எக்சர்சைஸ். இறங்கும்போது சிரிப்பு வரும், ஏறும்போது பேச்சே வராது. அதுக்கும் கீழே இருக்கிற வெள்ளகவி கிராமத்துக்கு இன்னும் நடந்துதான் போகணும். ஊர் எல்லையில செருப்பைக் கழட்டிட்டு நுழையறது அங்கத்து வழக்கம். விருந்தாளிகளும் அதை மதிக்கணும். கும்பக்கரையிலிருந்து இப்படி மலையேறுற பாதைதான் ரோடு வர்றதுக்கு முன்னாடி கொடைக்கானலுக்கான பழைய வழிகளில் ஒண்ணு. பேரிஜம் ஏரிக்குப் போகணும்னா வனத்துறை அனுமதி கட்டாயம்.

அனுமதின்னு சொன்னதும் "அதெல்லாம் பார்த்துக்கலாம் மச்சி"ன்னு சொல்ற ஒரு ஆள் எல்லா கேங்லயும் இருப்பார். அவருக்காக இது. பனியில கருகின புல் மாசி, பங்குனியில காய்ஞ்சு வெடி மருந்து மாதிரி ஆயிடும். 2018 மார்ச்சில் பக்கத்து மாவட்டமான தேனியின் குரங்கணி மலையில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவங்க காட்டுத் தீயில இறந்தாங்க. நிறைய பேர் உங்களை விட நாலைஞ்சு வயசுதான் பெரியவங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபர் முதல் அரசே 40 மலையேற்றப் பாதைகளுக்கு ஆன்லைன் பதிவும் வழிகாட்டியும் ஏற்பாடு பண்ணியிருக்கு. முறையா பதிவு பண்ணிப் போங்க. கூட வர்ற வழிகாட்டி மலைக்காரர். அண்ணேன்னு கூப்பிட்டுப் பேச்சு கொடுங்க. ஒரு செடியைக் காட்டி அவர் சொல்ற கதை எந்தப் புத்தகத்துலயும் இருக்காது.

குணா குகையும் அப்படித்தான். 1991-ல் வந்த கமல் படத்தால பேர் மாறின இடம், 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்ததும் மறுபடி கூட்டம். அந்தப் படமே 2006-ல் குழியில விழுந்த ஒரு இளைஞரை நண்பர்கள் மீட்ட நிஜக் கதை. எல்லாருக்கும் அப்படித் திரும்பி வர்ற அதிர்ஷ்டம் கிடைக்காது. கம்பி வேலி எதுக்குப் போட்டிருக்காங்கன்னு யோசிங்க, அதுக்கு இந்தப்பக்கமே நில்லுங்க. ஊருக்குள்ளே ரோட்டுல காட்டெருமை வந்தா செல்ஃபிக்குப் பக்கத்துல போகாதீங்க. அதுக்கு உங்க ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை தெரியாது.

பையில என்ன இருக்கணும்?

மொத்தமா ஒரே ஜெர்கினை நம்பாதீங்க. மெல்லிசா மூணு அடுக்கு போட்டா சூடு நிக்கும், வெயில் வந்தா ஒவ்வொண்ணா கழட்டலாம். காது மூடுற குல்லா, ரெண்டு ஜோடி சாக்ஸ், டார்ச். தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில். அஞ்சு லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை. சொந்த வண்டியிலயோ வேன் பிடிச்சோ வந்தா இ-பாஸ் எடுக்கணும், 2024 மே முதல் அது கட்டாயம். வத்தலக்குண்டு வழியாவோ பழனி வழியாவோ அரசு பஸ்ஸில ஏறிட்டா அந்தத் தலைவலியே இல்லை. ஜன்னலோர சீட்டும் கிடைச்சா சொர்க்கம். கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல் கூட்டத்தைத் தவிர்த்துட்டு, பொங்கல் முடிஞ்ச வாரத்துல ஒரு செவ்வாய், புதன் பார்த்து வந்தா ரூம் வாடகையும் குறையும், பனியும் நிச்சயமா உங்களுக்காகக் காத்திருக்கும்... வானத்துல மேகம் இல்லைன்னா!

ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி ரூமுக்கு வெளியே வந்து ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. நட்சத்திரம் பளிச்சுன்னு தெரிஞ்சா அலாரத்தை அஞ்சே முக்காலுக்கு வைங்க. காலையில பல்லு தந்தியடிக்க, கையைத் தேய்ச்சுக்கிட்டு, கீழ்பூமி வரைக்கும் நடங்க. அங்கே வெள்ளையா உறைஞ்சு கிடக்கிற புல்லை மிதிக்காம ஓரமா நின்னு பாருங்க. மீதம் இருக்கிறது மூணுல ஒரு பங்குதான்.